கூவி அழைத்த நாள்

மாதத்தின் முதல் நாளென்றால்
கெல்லியுஸுக்குச் சேவலுக்கு முன்பே விழிப்பு.
வட்டி வாங்குகிறவன் தூக்கமும்
கட்டுகிறவள் தூக்கமும்
ஒரே இரவில்தான் கெடுகின்றன.

நான் அவன் கணக்கன்.
அடிமை என்பதைக் கணக்கன் என்று சொல்லிக்கொண்டால்
முதுகு கொஞ்சம் நிமிர்கிறது.
என் மடியில் கிடக்கும் இந்தச் சுருளுக்குக்
காலெண்டாரியம் என்று பேர்.
பிரித்தால் பண்டிகை இராது,
நல்ல நேரம், கெட்ட நேரம் இராது.
பெயர், தொகை. பெயர், தொகை.
ரோமாபுரியில் யார் யாருக்கு
மாதம் பிறந்தால் வயிற்றைக் கலக்குமோ
அவர்கள் எல்லாரும் இதற்குள்ளே.

அதோ குன்றின் மேல் சின்னப் பூசாரி
ஜூனோவை விளித்துக் கூவுகிறார்:
கலோ, கலோ, கலோ.
ஐந்து முறை கூவினால் அரைப்பிறை ஐந்தாம் நாள்,
ஏழு முறையென்றால் ஏழாம் நாள்.
ஒரு காலத்தில் பிறையைக் கண்ட பிறகே
வாய் திறப்பார்களாம்.
கூவிய நாள் என்பதால்தான் இது காலெண்டே.
இப்போது எல்லாம் முன்கூட்டி எழுதியாயிற்று.
அவர் வானத்தைப் பார்ப்பதில்லை,
படியில் வழுக்காமல் காலைப் பார்த்து இறங்குகிறார்.

முதன்முறை கேட்டபோது
நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.
எங்கள் கிரேக்கத்திலும் கூப்பிடுவதற்கு
ஏறக்குறைய அதே சொல்தான்.
தேலோஸ் தீவுச் சந்தையில்
என்னை மேடையேற்றியவனும் நன்றாகக் கூவினான்:
பல் முழுசு, கையெழுத்து சுத்தம், இருமல் கிடையாது.
இருமல் இருந்தது.

எங்கள் ஊரில் மாதம் உண்டு, பிறை உண்டு,
கடன் நிறைய உண்டு.
காலெண்டே மட்டும் கிடையாது.
அதைச் சொன்னால் கெல்லியுஸ் சிரிப்பான்:
அப்புறம் எப்படியடா வசூல் செய்தீர்கள்?

இன்று முதலில் வந்தவள் ஒப்பியா,
சுபுராவில் வெளுப்புக்காரி.
மூத்திரத் தொட்டியில் துணி மிதித்து மிதித்து
கணுக்கால்வரை வெந்த கால்கள்.
வாங்கியது நானூறு. மாதம் நாலு காசு.
கையில் இரண்டு.

"மூன்று நாளாய் மழை," என்றாள்.
"துணி காயவில்லை. அது கிடக்கட்டும்.
பிறையை நீர் பார்த்தீரா?
உம் ஆள் பார்த்தானா?
திங்கள் தெரியாமல் எப்படி ஐயா
திங்கள் பிறக்கும்?"

அறை ஒரு நொடி அடங்கிற்று.
அவள் வாதம் சரி என்று
எனக்குத் தோன்றியது, எழுத்தாணிக்கும் தோன்றியது,
அது மெழுகுப் பலகையில் நகரவில்லை.

கெல்லியுஸ் சுருளை விரலால் தட்டினான்.
"இதில் பிறந்துவிட்டது."

எழுதினேன். வேறென்ன செய்ய.
ஒப்பியா, பாக்கி இரண்டு.
அவள் போன பிறகு தரையில்
ஈரப் பாதம் இரண்டு நெடுநேரம் இருந்தது.
அதைக் கணக்கில் ஏற்ற இடமில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டது.
மாடியில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனவன்
மேற்கே பார்த்தேன்:
நகம் வெட்டிப் போட்டதுபோல் ஒன்று.
ஒரு நாள் பிந்தி,
யாருக்கும் பாக்கி வைக்காத முகத்தோடு.

எனக்கு என்ன வந்ததோ,
கைப்பிடிச் சுவரில் ஏறிக் கூவினேன்:
கலோ!
பிறை கண்டதைச் சொல்லத்தான்.
இருமல் குறுக்கிட, மறுபடியும்: கலோ!

கீழே சந்தில் ஒரு சன்னல் பட்டென்று சாத்திற்று.
ஒரு நாய் குரைத்தது.
கொடியில் துணி உதறிக்கொண்டிருந்த ஒப்பியா
வானத்தைப் பார்க்கவில்லை.
என்னை நிமிர்ந்து பார்த்து,
கையை முந்தியில் துடைத்தபடி கேட்டாள்:

"எவ்வளவு?"